மெல்பேர்னில் சேர்ந்த சுப்பர் பணமும் வளர்ந்த பிள்ளைகள் கட்டும் வரியும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், 1980களில் அவுஸ்திரேலியாவுக்குப் போய், அங்கேயே உழைத்து, அங்கேயே ஓய்வுபெற்ற ஒரு பெரியவராவது இருக்கிறார். அந்தத் தலைமுறை இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கிறது. அவர்களில் ஒருவர் காலமானதும், அவருடைய சுப்பர் நிதியத்திலிருந்து, அதாவது அந்நாட்டு ஓய்வுகாலச் சேமிப்பு நிதியத்திலிருந்து, பிள்ளைகளுக்கு வரும் கடிதத்தில் பெரியதொரு தொகை வரியாகக் கழிக்கப்பட்டிருப்பதைக் கண்டு திகைத்து, அந்தக் கடிதத்தோடு என்னைப் போன்ற கணக்காளர்களிடம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அப்பா உழைக்கும்போதே வரி கட்டினார், அவுஸ்திரேலியாவில் மரண வரியும் இல்லை என்கிறார்கள், பிறகு இது எந்த வரி?” இந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போதே யாராவது இதைக் கேட்டிருந்தால், அந்த வரியின் பெரும்பகுதி, சில வேளைகளில் முழுவதுமே, இல்லாமற் போயிருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இது விளங்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்குப் பழக்கமானது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் தனியாக 3 சதவீதம் கட்டுகிறார். உறுப்பினர் இறந்தால், பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்டவர் படிவங்களையும் சான்றிதழ்களையும் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறார். பெறுகிறவர் மனைவியா, நாற்பது வயது மகனா என்று பார்த்து வரி வீதத்தை மாற்றும் வழக்கம் இங்கே இல்லை. அவுஸ்திரேலியாவிலோ எல்லாமே அந்த உறவிலும் வயதிலும்தான் தங்கியிருக்கிறது.

அங்கே தொழில்தருநர்கள் கட்டாயமாகச் சுப்பர் கட்டும் முறை 1992இல் 3 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2025 ஜூலையிலிருந்து 12 சதவீதமாக இருக்கிறது. தொழில்தருநர் போடும் பணத்துக்கும், அது நிதியத்துக்குள் ஈட்டும் வருமானத்துக்கும், பொதுவாக 15 சதவீதமே வரி. சம்பளமாகக் கையில் வாங்கியிருந்தால் பலர் இதைவிட மிக அதிகமாகக் கட்டியிருப்பார்கள். அறுபது வயதைக் கடந்து ஓய்வுபெற்றவர் வழமையான நிதியமொன்றிலிருந்து தன் பணத்தை எடுக்கும்போது வரி எதுவும் இல்லை. ஒருவர் முதுமையில் கண்ணியமாக வாழவேண்டும் என்பதற்காகவே அரசு இத்தனை சலுகைகளையும் கொடுக்கிறது. அந்த நோக்கத்தை 2024இல் தனிச் சட்டமாகவும் இயற்றியிருக்கிறார்கள். ஆகவே, எஞ்சிய பணம் அவரை நம்பி வாழ்ந்தவர்களுக்குப் போனால் அந்தச் சலுகை தொடர்கிறது. சொந்தக் காலில் நிற்கும் வளர்ந்த பிள்ளைக்குப் போனால், விட்டுக்கொடுத்த வரியில் ஒரு பகுதியை அரசு திரும்ப எடுத்துக்கொள்கிறது. மத்திய அரசின் மரண வரி 1979இல் நீக்கப்பட்டது உண்மைதான். இந்த வரி அதனோடு தொடர்பில்லாதது. வருமான வரிச் சட்டத்துக்குள் இருந்து வருவது.

இந்த நியாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கு வருத்தம் தருவது வேறு. விடயம் தெரிந்த குடும்பங்கள் இந்த வரியைச் சட்டத்துக்கு உட்பட்டே தவிர்த்துவிடுகின்றன. தெரியாத குடும்பங்கள்தான் கட்டுகின்றன. தொழிற்சாலையிலும் முதியோர் பராமரிப்பு இல்லத்திலும் இரவு வேலை செய்து பணம் சேர்த்தவர்களின் பிள்ளைகள், ஆலோசகர் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களின் பிள்ளைகளைவிட அதிகமாக வரி கட்டுவது சரியானதாக எனக்குத் தோன்றவில்லை.

குழப்பம் பெரும்பாலும் இரண்டு சட்டங்களுக்கு இடையில்தான் தொடங்குகிறது. நிதியம் யாருக்குப் பணத்தைக் கொடுக்கலாம் என்பதைச் சுப்பர் சட்டம் சொல்கிறது; அதன்படி பிள்ளைக்கு எத்தனை வயதானாலும் நேரடியாகக் கொடுக்கலாம். அந்தப் பணத்துக்கு வரி உண்டா என்பதை வரிச் சட்டம் சொல்கிறது. அதன்படி கணவன் அல்லது மனைவி, முன்னாள் கணவன் அல்லது மனைவி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை, இறந்தவரைப் பொருளாதார ரீதியாகச் சார்ந்திருந்தவர், அவரோடு பரஸ்பரம் சார்ந்து வாழ்ந்தவர் ஆகியோருக்கே மொத்தத் தொகை வரியின்றிக் கிடைக்கும். தான் இறந்தால் பணம் யாருக்கு என்று நிதியத்துக்கு எழுதிக்கொடுக்கும் நியமனப் படிவத்தில் மகளின் பெயரை எழுதி, நிதியமும் அதை ஏற்றுக்கொண்டது என்பதை வைத்து, வரியும் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஏற்றுக்கொண்டது முதலாவது சட்டம் மட்டுமே.

அடுத்ததாகப் பார்க்கவேண்டியது, கணக்கில் உள்ள பணம் எப்படி உள்ளே வந்தது என்பது. வரி கட்டிய பின் கையிலிருந்த பணத்தை ஒருவர் தானாகவே சுப்பருக்குள் போட்டிருந்தால் அது வரியற்ற கூறு. யார் பெற்றாலும் அதற்கு வரி இல்லை. தொழில்தருநர் போட்டதும், சம்பளத்திலிருந்து வரிக்கு முன் திருப்பிவிடப்பட்டதும், அவற்றின் மேல் சேர்ந்த வருமானமும் வரிக்குட்பட்ட கூறு. வளர்ந்த பிள்ளை பெறும்போது இந்த இரண்டாவது கூறுக்கு ஆகக்கூடியது 15 சதவீதமும், அவர் அவுஸ்திரேலியாவில் வதிபவராக இருந்தால் அதன்மேல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் திட்டத்துக்கான 2 சதவீத மெடிகெயார் வரியும் உண்டு. கொழும்பில் இருந்து பெறும் பிள்ளை அங்கே வரி நோக்கில் வதிபவர் அல்லாதவர் என்பதால் அந்த 2 சதவீதம் அவருக்கு இல்லை.

கணவனை இழந்த, 72 வயதான ஓர் அம்மாவின் கணக்கில் 500,000 டொலர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 80,000 வரியற்ற கூறு, மிகுதி 420,000 வரிக்குட்பட்ட கூறு. மகள் மெல்பேர்னில் இருக்கிறார், மகன் தெஹிவளையில் இருக்கிறார், இருவருக்கும் சரிபாதி. ஒவ்வொருவருக்கும் 40,000 வரியின்றியும் 210,000 வரிக்குட்பட்டும் வருகிறது. மகளுக்கு 17 சதவீதத்தில் 35,700 டொலர் வரை வரி. மகனுக்கு 15 சதவீதத்தில் 31,500 டொலர். இரண்டையும் கூட்டினால் 67,200. அம்மா இறப்பதற்கு முதல் மாதம் அந்தப் பணம் முழுவதையும் எடுத்துத் தன் வங்கிக் கணக்கில் போட்டிருந்தால், அவருக்கும் வரியில்லை, மரண சாசனத்தின் வழியாக அதைப் பெறும் பிள்ளைகளுக்கும் வரியில்லை. ஒரே பணம், ஒரே பிள்ளைகள், இடையில் ஒரு விண்ணப்பப் படிவம் மட்டுமே.

சில கணக்குகளில் வரி இன்னும் கூடுதலாக இருக்கும். அரச ஊழியர்களுக்கான பழைய திட்டங்கள் சிலவற்றில், நிதியத்துக்குள்ளே 15 சதவீத வரி கட்டப்படாத பகுதி ஒன்று உண்டு. வளர்ந்த பிள்ளைக்குப் போகும்போது அதற்கு ஆகக்கூடியது 30 சதவீதமும், வதிபவராயின் மெடிகெயார் வரியும். சுப்பரோடு இணைந்த ஆயுள் காப்புறுதிப் பணம் வரும்போதும் அதில் ஒரு பகுதி இந்த வகைக்குள் விழலாம். வேலையில் இருக்கும்போதே திடீரென இறந்துபோனவரின் குடும்பம் இதை எதிர்பார்த்திருக்காது. நிதியம் தரும் கணக்கறிக்கையில் இந்தப் பிரிவுகள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மகிழ்வதோ வருந்துவதோ பயனில்லை.

வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் தானாகவே வரிக்குள் விழுந்துவிடுவதில்லை என்பதை நம்மவர்கள் கவனமாகப் படிக்கவேண்டும். பொருளாதாரச் சார்பு, பரஸ்பரச் சார்பு என்ற இரண்டு வாசல்களும் வயதைப் பார்ப்பதில்லை. நம் குடும்பங்கள் வாழும் முறையை எண்ணிப் பாருங்கள். திருமணமாகாத மகள் வயதான தாயோடு ஒரே வீட்டில் இருந்து, சமைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, வீட்டுச் செலவையும் பகிர்ந்துகொள்கிறார். நெருங்கிய தனிப்பட்ட உறவு, ஒன்றாக வாழ்தல், ஒருவர் மற்றவருக்கோ இருவரும் ஒருவருக்கொருவரோ பண உதவி செய்தல், அதேபோல வீட்டுப் பராமரிப்பும் உடற்பராமரிப்பும் கொடுத்தல் ஆகியவற்றையே சட்டம் பரஸ்பரச் சார்புக்குத் தேடுகிறது. பெற்றோரோடு ஒரே வீட்டில் குடியிருப்பது மட்டும் போதாது. வரி அலுவலகம் இதை இலகுவில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் பல ஆண்டுகள் உண்மையாகவே தாயைத் தாங்கிய ஒரு மகள், அதைக் காட்டும் தாள்கள் கையில் இல்லாததால் மட்டும் வரி கட்ட நேர்வது துயரமானது. பொதுவான மின்சாரக் கட்டணப் பட்டியல், மருத்துவரின் கடிதம், வங்கிக் கணக்கில் நடந்த பரிமாற்றங்கள், பராமரிப்புக்காக வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டதற்கான சான்று என்பனவெல்லாம் அன்றன்றே சேர்த்து வைக்கவேண்டியவை.

பொருளாதாரச் சார்பு கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. மெல்பேர்னில் இருக்கும் தந்தை, இங்கே நோயுற்றோ வேலையின்றியோ இருக்கும் வளர்ந்த மகனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பி, அந்தப் பணத்திலேயே அவனுடைய வாடகையும் சாப்பாடும் நடந்துகொண்டிருந்தால், தந்தை இறந்த வேளையில் அவன் சார்ந்திருந்தவன் என்று வாதிடுவதற்கு இடமுண்டு. பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் வந்த அன்பளிப்பு அதற்குப் போதாது. அந்தப் பணம் இல்லாவிட்டால் வழமையான வாழ்க்கை நடந்திருக்காது என்று காட்டவேண்டும். இந்த இடத்தில் வங்கி வழியாக வந்த பணத்துக்கும் வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் மாற்றும் உண்டியல் வழியாக வந்த பணத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. உண்டியலில் இரண்டு ரூபாய் கூடக் கிடைத்திருக்கலாம், ஆனால் பத்து ஆண்டுகளாக வந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் மிஞ்சியிருக்காது.

இனி, பெற்றோர் உயிரோடு இருக்கும்போது செய்யக்கூடியவை. மனைவியோ கணவனோ இருக்கும்வரை சுப்பர் பணம் அவர்களுக்குப் போவதே வரி நோக்கில் நல்லது. பிள்ளைகளுக்கும் ஏதாவது கொடுக்கவேண்டும் என்று விரும்பும் தந்தை, சுப்பரில் பாதியை அவர்கள் பெயருக்கு எழுதுவதைவிட, சுப்பரை மனைவிக்கும் வங்கிப் பணத்தையோ பங்குகளையோ பிள்ளைகளுக்கும் எழுதுவதால் எல்லோருக்கும் கூடுதலாகக் கிடைக்கும். தனித்திருப்பவர் பணத்தை முழுவதாக வெளியே எடுப்பதைப் பற்றி மேலே சொன்னேன். அதில் கவனிக்கவேண்டியவையும் உண்டு. வெளியே எடுத்த பணத்தின் வட்டிக்கு வருமான வரி வரலாம், 75 வயதைத் தாண்டிய பின் தன் விருப்பத்தில் அதைத் திரும்ப உள்ளே போடமுடியாது, இன்னும் இருபது ஆண்டுகள் வாழப்போகும் ஒருவரைப் பிள்ளைகளின் வரிக்காக இப்போதே பணத்தை எடுக்கச் சொல்வது முறையுமல்ல. அந்தப் பணம் முதலில் அவருடைய முதுமைக்கானது.

எழுபத்தைந்துக்குள் இருப்பவருக்கு ஒரு நடுவழி உண்டு. பணத்தை வரியின்றி எடுத்து, அதையே வரி கட்டிய பணமாகத் திரும்ப உள்ளே போடுவது. இப்படிப் போடுவதற்கு ஆண்டு எல்லை உண்டு. 2024 ஜூலையில் அது 120,000 டொலராக உயர்ந்தது, மொத்த இருப்புக்குரிய நிபந்தனைகள் பொருந்தினால் 3 ஆண்டுகளுக்கான எல்லையை முன்கூட்டியே எடுத்து, அந்த எல்லைப்படி 360,000 வரை ஒரே தடவையில் போடலாம். மேலே சொன்ன அம்மாவின் கணக்கிலேயே இதைப் பார்ப்போம். 360,000 எடுக்கும்போது இரண்டு கூறுகளும் அதே விகிதத்தில்தான் வெளியே வரும். வரிக்குட்பட்டதை மட்டும் தெரிந்தெடுக்க விடமாட்டார்கள். உள்ளே எஞ்சும் 140,000இல் வரிக்குட்பட்டது 117,600. எடுத்த 360,000 திரும்ப உள்ளே போகும்போது முழுவதும் வரியற்ற கூறாகிவிடும். 15 சதவீதத்தில் கணக்கிட்டால் 63,000 ஆக இருந்த வரி 17,640 ஆகக் குறைகிறது. அம்மாவின் கணக்கில் ஒரு டொலரும் குறையவில்லை. அந்த நாட்டில் இது நன்கு அறியப்பட்ட, வெளிப்படையான வழிமுறை. எல்லைகளும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் மாறுவதால், அங்கே உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் கேட்டபின் செய்யவேண்டியது.

நியமனப் படிவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சுப்பர் பணம் தானாக மரண சாசனத்துக்குள் வருவதில்லை. சாசனத்தில் என்ன எழுதியிருந்தாலும் யாருக்குக் கொடுப்பது என்பதை நிதியத்தின் விதிகளும் நியமனமும்தான் தீர்மானிக்கும். நிதியத்தைக் கட்டுப்படுத்தும் நியமனத்துக்கு 18 வயதைக் கடந்த, பயனாளிகள் அல்லாத இருவர் சாட்சிக் கையெழுத்து இடவேண்டும். காலாவதியாகாத நியமனத்தை நிதியத்தின் விதி அனுமதிக்காவிட்டால் அது 3 ஆண்டுகளில் செல்லுபடியற்றதாகிவிடும். கொழும்பில் இருக்கும் தம்பியையோ பெறாமகளையோ நேரடியாக நியமிக்கமுடியாது, அவர்கள் சார்ந்திருந்தவர்கள் என்று காட்டினால் ஒழிய. அப்படியானவர்களுக்குக் கொடுக்க விரும்பினால் பணம் மரண சாசனத்தின் நிறைவேற்றுநருக்குப் போகும்படி எழுதி, சாசனத்தில் அவர்கள் பெயரைச் சேர்க்கவேண்டும். வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த வழி சில வேளைகளில் நல்லது. நிறைவேற்றுநர் ஊடாக வரும்போது 2 சதவீத மெடிகெயார் வரி இல்லை. தொகை பிள்ளையின் சொந்த வருமானக் கணக்கில் சேராததால், அங்கே வாழும் மகளின் சிறுவர் பராமரிப்பு உதவித்தொகை போன்றவையும் பாதிக்கப்படமாட்டா. மறுபுறம், இறந்தவருக்குக் கடன்கள் இருந்தாலோ, சாசனத்தை யாராவது வழக்காடினாலோ, அந்தப் பணமும் அதற்குள் இழுபடும்.

லண்டன் மாமா சொன்னதை மெல்பேர்ன் சித்திக்குப் பொருத்திப் பார்ப்பதும் நம்மிடையே நடக்கிறது. பிரித்தானியாவில் பொதுவாக, 75 வயதுக்கு முன் இறந்தவரின் ஓய்வூதிய நிதி வரியின்றியும், அதற்குப் பின் இறந்தவருடையது பெறுபவரின் வருமான வரி வீதத்திலும் போகிறது. 2027 ஏப்ரல் 6 முதல் எஞ்சிய ஓய்வூதிய நிதி வாரிசு வரிக் கணக்கிலும் சேரப்போகிறது. கனடாவில் பதிவு செய்யப்பட்ட ஓய்வூதியச் சேமிப்பு, துணைவருக்கோ சார்ந்திருக்கும் பிள்ளைக்கோ போகாவிட்டால், இறந்தவரின் கடைசி ஆண்டு வருமானமாகவே கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவில் 2020 முதல், தனிநபர் ஓய்வூதியக் கணக்கைப் பெறும் வளர்ந்த பிள்ளை பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குள் அதை முழுவதும் எடுத்து, எடுக்கும் ஆண்டுகளில் வருமான வரி கட்டவேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் சட்டத்தைத்தான் படிக்கவேண்டும்.

பெற்றோரிடம் இதைப் பேசத் தயங்குகிறவர்களின் மனம் எனக்கு நன்றாக விளங்குகிறது. “நான் சாகிறதுக்கு முதலே காசுக் கணக்குப் பார்க்கிறியோ?” என்று அப்பா கேட்டுவிடுவாரோ என்ற பயம் பல பிள்ளைகளின் வாயை மூடிவிடுகிறது. ஆகவே பெற்றோரே தொடங்குவது நல்லது. அப்படித் தொடங்கும்போது நிலையான அற்றோர்ணித் தத்துவத்தையும் சேர்த்துப் பேசவேண்டும், ஏனெனில் நோயால் நினைவு தப்பிய ஒருவரின் பணத்தை எடுக்க, அவர் தெளிவாக இருந்தபோது அதிகாரம் கொடுத்து வைத்த ஒருவர் தேவை.

பணம் கொழும்புக்கு வரும் கட்டத்தில் இருப்பவர்கள் முதலில் அவுஸ்திரேலிய வரிக் கோப்பு இலக்கத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். வெளிநாட்டில் இருந்தபடியே அதைப் பெறலாம். அது இல்லாவிட்டால் நிதியம் உயர்ந்த வீதத்தில் வரியைப் பிடித்துக்கொள்ளும், கூடுதலாகப் பிடித்ததை மீட்க அங்கே வரி விபரத்திரட்டு தாக்கல் செய்யவேண்டி வரும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தந்தையின் பெயர் இங்கே முதலெழுத்தாகவும் அங்கே குடும்பப் பெயராகவும் பதிவாகியிருப்பது நம்மவர்களிடம் மிகச் சாதாரணம். பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் நிதியத்தின் பதிவிலும் ஒரே ஆள் மூன்று பெயர்களில் இருந்தால், அவை எல்லாம் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து முதற் கடிதத்தோடேயே அனுப்பிவிடுங்கள். நிதியம் பங்கீட்டை அறிவித்த பின் அதை ஆட்சேபிக்க 28 நாட்கள்தான் தருவார்கள், அதற்குள் கொழும்பில் ஒரு சான்றிதழைத் திருத்தி எடுப்பது எளிதல்ல.